ஒற்றாடல் அதிகாரமும் கூடத்துக் கேமராவும்: ஒரு தகுதி ஆய்வு

வீட்டுக்குள் வைக்கும் வைஃபை கேமராவை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்று கேட்டால், கடைக்காரர் மெகாபிக்சல் என்பார். பெட்டியின் மேலும் அதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த ஆய்வாளருக்கு அதில் உடன்பாடில்லை. வேவு பார்க்க ஆள் எடுக்கும் எந்த அரசனும் வந்தவனின் கண் பார்வையை மட்டும் சோதித்து வேலை கொடுத்திருக்க மாட்டான். திருக்குறளின் 59-ஆம் அதிகாரமான ஒற்றாடல், ஒற்றனுக்கு வேண்டிய தகுதிகளையும் அவனை ஆளும் முறையையும் 10 குறள்களில் சொல்லி முடித்துவிட்டது. ஏறக்குறைய 2,000 ரூபாய் விலையுள்ள ஒரு கேமரா அவற்றில் எத்தனைக்குத் தேறும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வைஃபை பற்றி உரையாசிரியர் பரிமேலழகர் மௌனமாக இருந்துவிட்டதால், அந்த இடங்களில் மட்டும் ஆய்வாளர் தம் உரையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆய்வுக் களம், சென்னை நங்கநல்லூரில் இரண்டாம் மாடி வீடொன்றின் கூடம். அப்பா, அம்மா, ஆய்வாளர், அவர் மனைவி, காலையில் வீட்டு வேலைக்கு வந்துபோகும் அக்கா, மக்கள்தொகைக் கணக்கில் சேராத பல்லிகள் ஆகியோர் களத்தில் வாழ்பவர்கள். புரவலர், சியாட்டிலில் இருக்கும் அண்ணன். கருவியை வாங்கி அனுப்பியது, கடவுச்சொல்லைக் கையில் வைத்திருப்பது, முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்தது எல்லாம் அவர்தான். அந்த வகையில், நிதியுதவி பெற்று நடக்கும் பிற ஆய்வுகளிலிருந்து இது சிறிதும் விலகவில்லை. அங்கும் இங்கும் பன்னிரண்டரை மணி நேரமோ பதின்மூன்றரை மணி நேரமோ வித்தியாசம் இருப்பதால், நாங்கள் தூங்கும்போது அவர் அலுவலகத்தில் விழித்திருப்பார். எந்தக் கூர்க்காவுக்கும் இவ்வளவு பொருத்தமான ஷிப்ட் வாய்த்ததில்லை.

முன்னாய்வுகளைத் தொட்டுச் செல்வது மரபு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966-இல் ஒரு வீட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள். துளைக்குத் துளை ஏறி இறங்கும் கேமரா. வந்தவர் முகத்தை உள்ளே காட்டும் திரை. இருந்த இடத்திலிருந்தே தாழ் திறக்க ஒரு பொத்தான். கூப்பிட்டால் போலீஸ் வர நேரமாகிறது என்ற கவலையில் பிறந்த யோசனை அது. 1969-இல் காப்புரிமை கிடைத்தது. இந்த மரபில் கேமராவின் கண் வெளியே இருக்கும். வீட்டார் அதன் முதுகுப் பக்கம் பத்திரமாக இருப்பார்கள்.

இரண்டாவது மரபு கேம்பிரிட்ஜில் தோன்றியது. அங்கே பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ட்ரோஜன் அறை என்ற இடத்தை ஒட்டி ஒரு காபிப் பாத்திரம் இருந்தது. வேறு மாடிகளில் வேலை பார்த்தவர்கள் ஆசையாகப் படியேறி வந்தால் பாத்திரம் காலியாக இருக்கும். பொறுத்துப் பார்த்தவர்கள் 1991-இல் பாத்திரத்தின் மேல் ஒரு கேமராவைத் திருப்பிவைத்து, 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை அவரவர் கணினிக்கு வரவழைத்தார்கள். 1993-இல் அது இணையத்தில் ஏறியது. 2001 ஆகஸ்டில் அணைக்கப்படும்வரை, கேம்பிரிட்ஜ் எங்கே இருக்கிறதென்றே அறியாதவர்களும் அங்கே காபி தீர்ந்துவிட்டதா என்று பார்த்துக் கவலைப்பட்டார்கள். பாத்திரம் பிறகு இணைய ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது.

நம் கூடத்துக் கேமரா இவற்றில் எந்தக் குலத்தில் வந்தது? விளம்பரப் படத்தில் முகமூடித் திருடன் இருக்கிறான். ஆகவே பிரவுன் அம்மையாரின் குலம் என்று நம்மை நம்பவைக்கிறார்கள். அதைச் சோதிக்கக் கருவியை ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே, தெருவைப் பார்த்து வைத்தோம். பகலில் தெரு தெரிந்தது. இரவானதும், அது பாய்ச்சிய அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி அதன் முகத்திலேயே அடித்ததால், விடியும்வரை தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது. ஞானிகளுக்கு உகந்த நிலை, காவலுக்கு உதவாது. எனவே காபிப் பாத்திரக் குலம் என்ற கருதுகோளுடன் அதைப் பிரிட்ஜ் மேல் ஏற்றி வீட்டைப் பார்க்கத் திருப்பினோம்.

ஒற்றன் பார்ப்பவர் சந்தேகிக்காத தோற்றமும், முறைத்தால் கலங்காத கண்ணும், என்ன ஆனாலும் வாய்விடாத உறுதியும் உள்ளவனாக இருக்க வேண்டும் என்பது வள்ளுவர் விதி. தோற்றத்தில் கேமரா தேறவில்லை. தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே மோட்டார் முனகுகிறது. பொழுது சாய்ந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வேறு: பகலில் அகச்சிவப்பைத் தடுக்க லென்சுக்குப் பின்னால் நிற்கும் சின்னத் தகடு, இருட்டியதும் விலகும் ஓசை அது. அம்மா இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. டிக் கேட்டதும் விளக்கேற்றுகிறார். தகடு விலகியதும் லென்சைச் சுற்றி எரியும் எல்இடிகளின் ஒளி 850 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. மனிதக் கண்ணுக்குத் தெரியாது என்று பெட்டியில் போட்டிருந்தாலும், இருட்டில் மங்கலாக ஒரு சிவப்பு தெரியத்தான் செய்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா, கொசுவிரட்டியை யாரோ அணைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் சியாட்டிலிலிருந்து வீட்டிலுள்ள எல்லாச் செல்போன்களும் அடித்தன.

கண் அஞ்சாமையில் முழு மதிப்பெண். அதிகம் முறைத்தவை பல்லிகள். கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும், லென்சின் மேலேயே வந்து உட்காரும். கேமராவுக்கு அசைவு என்பது ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு: முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டு, போதுமான புள்ளிகள் மாறியிருந்தால் அலறும். லென்சை அடைத்துக்கொண்டு நிற்கும் பல்லியின் வாலசைவு, அந்தக் கணக்கின்படி, வீட்டுக்குள் யானை நுழைந்ததற்குச் சமம். பல்லி தலையில் விழுந்தால் கலகம் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. கேமராவின் தலையில் விழுந்தால் என்ன பலன் என்று அதில் இல்லை. அந்த விடுபட்ட பலனை இந்த ஆய்வு நிரப்புகிறது: கடல் கடந்த புத்திரனுக்கு அலுவலக வேலை கேடு.

ஒற்றன் மறைவானவற்றைக் கேட்டறிந்து, அறிந்ததில் ஐயமின்றி இருக்க வேண்டும். கேட்பதில் குறையில்லை. குக்கர் விசிலை அண்ணன் அங்கிருந்தே எண்ணுகிறார். ‘அம்மா, ஆறு ஆயிடுச்சு’ என்று பிரிட்ஜ் மேலிருந்து குரல் வருகிறது. கம்சன் கேட்ட அசரீரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது ஓரிரு நொடி தாமதமாக வருவதுதான். அதற்குள் ஏழாவது விசில் வந்துவிடும். ஐயமின்மைதான் சிக்கல். பேன் காற்றில் படபடக்கும் தினசரி காலண்டரிலிருந்த முருகனைப் பார்த்து, வீட்டில் ஆள் நடமாட்டம் என்று கேமரா தகவல் அனுப்பியது. இதைத் தொழில்நுட்பப் பிழை என்று எழுத ஆய்வாளர் தயாராக இருந்தார், அம்மா அனுமதிக்கவில்லை. கார்த்திகையில் மாலை போட்டிருந்த ஆய்வாளர் கறுப்பு வேட்டியில் அதிகாலை எழுந்து நடந்ததை, வெள்ளை வேட்டி ஆசாமி என்று அது பதிவு செய்தது. கறுப்புச் சாயங்களில் பல, அகச்சிவப்பை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பிவிடும். திருடர்கள் இதைக் கவனிக்க.

வேலை செய்வோர், சுற்றத்தார், பகைவர் என எல்லோரையும் ஒற்றன் ஆராய வேண்டும் என்று ஒரு குறள் உண்டு. அந்த வரிசை எவ்வளவு உண்மையானது என்பதைக் களத்தில்தான் ஆய்வாளர் உணர்ந்தார். கேமரா வந்த அன்றே வீட்டு வேலைக்கு வரும் அக்கா அதை நிமிர்ந்து பார்த்து, ‘இது என்னைப் பாக்கத்தானே அண்ணே?’ என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்குச் செய்வதை விலக்கிவைத்திருக்கிறது. ஆனால் பிரிட்ஜுக்குக் கீழே நின்று ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது சட்டத்தின் விலக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. பதிவுகள் நிரூபித்தது இதைத்தான்: அக்கா தினமும் நேரத்துக்கு வருகிறார், கதவைத் திறக்க வேண்டியவர்கள்தான் எழுந்திருப்பதில்லை. இந்தக் கண்டுபிடிப்பு புரவலருக்கு அனுப்பப்படவில்லை. பகைவர் யாரும் வரவில்லை. சுற்றத்தார் மட்டும் மிஞ்சினார்கள்.

துறவி வேடம் பூண்டு சென்றாலும், என்ன இடைஞ்சல் வந்தாலும், ஒற்றன் சோர்வடையக் கூடாது. கேமராவின் வெள்ளை உடை துறவிக்குப் பொருத்தம்தான். சோர்வு விஷயத்தில் அது மின்சாரத்தையும் ரவுட்டரையும் அண்டிப் பிழைப்பது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாளில், இன்வெர்ட்டரில் பேனும் விளக்கும் ரவுட்டரும் ஓட, பிரிட்ஜ் பக்கத்து பிளக்கில் இருந்த ஒற்றன் மட்டும் கண்ணயர்ந்துவிட்டது. ரவுட்டரிடமும் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றுதான் வேண்டும், 5-ஐ ஏறிட்டும் பார்க்காது. இந்த விலையில் உள்ளவை பெரும்பாலும் அப்படித்தான். செங்கல் சுவர்களைத் தாண்டிப் போக அதுவே மேல் என்பதால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். நினைவாற்றலையும் சொல்லிவிட வேண்டும். 1080 வரித் துல்லியத்தில் நொடிக்கு ஒன்றரை மெகாபிட் என்று வைத்தால், ஒரு நாளைக்குச் சுமார் 16 ஜிபி. 64 ஜிபி மெமரி கார்டு நான்கு நாளில் நிரம்பி, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை செய்த குற்றத்துக்கு வெள்ளிக்கிழமை பாவமன்னிப்பு. தீராத குடும்பப் பகைகள் உள்ளவர்கள் 128 ஜிபி வாங்குவது நல்லது.

வாய்விடாத உறுதி பற்றிச் சிரிக்காமல்தான் எழுத வேண்டும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்த சாவிக்கொத்து அறுபது சொச்சம் பயனர்பெயர்களும் கடவுச்சொற்களும்தான். அதிலேயே லட்சக்கணக்கான கருவிகள் திறந்துகொண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணைய முகவரிகளைக் காட்டிக்கொடுக்கும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் பாய்ந்ததில், ட்விட்டரும் நெட்பிளிக்சும் பலருக்குக் கிடைக்காமல் போயின. யாரோ வீட்டுக் கூடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்த ஒற்றர்கள், வீட்டுக்காரருக்கே தெரியாமல் வேறு அரசனுக்காகச் சம்பளம் இல்லாமல் படையெடுத்துப் போன கதை அது. ஆகவே எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வருகிறதா, இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பு உண்டா என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் கடவுச்சொல் மாற்றப்பட்டது. மறக்காமல் இருக்க, அம்மா அதை முருகன் காலண்டரின் அட்டையில், கேமராவுக்கு நேர் எதிரே, பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்.

ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்பது அதிகாரத்தின் உச்சம். மைசூர்பாகு வழக்கில் இதை அப்படியே பின்பற்றினோம். டப்பா குறைந்துகொண்டே வந்தது. முதல் ஒற்று கேமரா: மதியம் எல்லோரும் படுத்தபின் பிரிட்ஜ் பக்கம் ஒரு வெள்ளைப் பனியன் முதுகு. முதுகை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. இரண்டாம் ஒற்று எறும்பு: டப்பாவில் தொடங்கிய சாரை, அப்பாவின் சாய்வு நாற்காலியில் முடிந்தது. மூன்றாம் ஒற்று குளுக்கோமீட்டர். மறுநாள் காலை வெறும் வயிற்றில் அது காட்டிய எண்ணைச் சபை நாகரிகம் கருதி இங்கே தரவில்லை. மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை. மூன்றும் ஒரே பெயரைச் சொல்லின. பிரிட்ஜ் மேலிருந்து அசரீரி, ‘அப்பா, டாக்டர் என்ன சொன்னாரு?’ என்று கேட்டது.

அப்பா பதில் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தணிக்கையாளருக்கு உரிய நிதானத்துடன் அவர் கருவியை ஆராயத் தொடங்கினார். மோட்டார் முனகினால் சியாட்டிலில் யாரோ விழித்திருக்கிறார் என்று பொருள், முனகாவிட்டால் ஒரே திசையைத்தான் பார்க்கிறது, அதன் அடித்தளத்தை ஒட்டிய அரையடி எந்தத் திசையிலும் அதற்குத் தெரியாது என்று வரிசையாகக் கண்டறிந்தார். டப்பா இப்போது கேமராவின் முதுகை ஒட்டி, பிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. வீட்டில் ஒற்றனுக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான். இக்கட்டுரையில் உள்ள ஒரே அசலான கண்டுபிடிப்பு இதுவே. அதன் பெருமை முழுவதும் அப்பாவைச் சேரும்.

ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைத்ததை நீயே வெளிப்படுத்தியதாகும் என்று அதிகாரம் முடிகிறது. ஆயுத பூஜை அன்று மிக்சி, கிரைண்டர், ஸ்கூட்டர், குளுக்கோமீட்டர் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துவந்த அம்மா, ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவுக்கும் வைத்தார். அந்த முட்டை முகத்தில் நெற்றி எது, கண் எது என்று பிரித்தறிய வழியில்லாததால் சந்தனம் லென்சின் நடுவில் விழுந்தது. சுண்டல் வாங்க வந்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் பொட்டைப் பார்த்து நிமிர்ந்து, அதுவரை கவனிக்காமல் இருந்த கேமராவைக் கண்டு, இது யாரைப் பார்க்க என்று விசாரித்தார்கள். மோட்டார் முனகியது. ‘அம்மா, ஒண்ணுமே தெரியலையே, ஒரே மஞ்சளா இருக்கு’ என்றது அசரீரி.

‘பூஜையில வச்சிருக்குடா, இன்னிக்கு வேலை வாங்கக் கூடாது’ என்றார் அம்மா. ‘நாளைக்குத் துடைச்சு விடறேன்.’