சிறப்புச் சட்டம் படித்த பொது வக்கீல்

எல்.எல்.எம். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: எந்தப் பிரிவு? அறிவுசார் சொத்துரிமையா, சுற்றுச்சூழலா, வணிகச் சட்டமா? வரன் பார்ப்பதைவிட அதிகக் கவலையோடு அதை நிரப்புகிறார்கள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்துக்கு அந்தக் கவலை துளியும் இல்லை. பதிவுக்கு எல்.எல்.பி. போதும், அதன்பின் ஜாமீன் மனுவும் போடலாம், பாகப்பிரிவினையும் நடத்தலாம். அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்காரருக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. காப்புரிமை முகவராக வேண்டுமானால் அறிவியல் பட்டமோ பொறியியல் பட்டமோ இருக்கிறதா என்றுதான் காப்புரிமைச் சட்டம் கேட்கிறது, எல்.எல்.எம். இருக்கிறதா என்று கேட்பதில்லை. பி.ஏ., எல்.எல்.பி., எல்.எல்.எம். என்று பெயருக்குப் பின்னால் ரயில் ஓட்டியவர் அங்கே நடைமேடையிலேயே நிற்க வேண்டியதுதான்.

'உதவிப் பேராசிரியர் ஆக முதுகலை வேண்டாமா?' என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அதற்கு எழுதும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் சட்டம் ஒரே பாடம். அதன் 10 அலகுகளில் குற்றவியல், குடும்பச் சட்டம், அரசமைப்பு, பன்னாட்டுச் சட்டம் எல்லாம் கூட்டுக் குடும்பமாகக் குடியிருக்கின்றன. 'நான் வேறு பிரிவு' என்று சொல்லித் தப்ப முடியாது. அப்படியானால் பிரிவே வீணா? இல்லை. ஒரே துறையில் ஆழ்ந்து படித்து ஓர் ஆய்வேடு எழுதும் வாய்ப்பு எளிதில் திரும்பி வராது. ஆகவே பிரிவின் பெயரைப் பார்க்காமல், அதை யார் நடத்துகிறார், நூலகத்தில் அந்தத் துறையின் அலமாரி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். விசிட்டிங் கார்டில் எந்தப் பிரிவும் அழகாகத்தான் இருக்கும்.