இதர செலவு

வாடா பேராண்டி, குந்து. கையிலே என்னா சீட்டு? மளிகைக் கடை வைக்கப்போறியா? நம்ம மண்டகப்பட்டுலயா? அடேங்கப்பா, குடு பாக்கறன்.

ஷட்டரு, ரேக்கு, எலக்ட்ரானிக் தராசு, கண்ணாடிக் கதவு வச்ச ஃபிரிட்ஜு, லைட் போர்டு, கடை அட்வான்ஸ், முதல் சரக்கு. கூட்டினா மூணு லட்சம். கடைசி வரியிலே ‘இதர செலவு 5,000’. எழுத்து முத்து முத்தாத்தான் இருக்குது. ஆனா அந்த அஞ்சாயிரத்துக்குள்ளதாண்டா இந்த ஊரே குந்திக்கினு இருக்குது. அதை அப்புறம் சொல்றன்.

நம்ம பாறைக் கோயிலுக்குள்ள என்னிக்காச்சும் போயிருக்கியா, இல்ல வாசல்ல நின்னு செல்ஃபி எடுத்ததோட சரியா? பல்லவ ராசா மகேந்திரவர்மன் குடைஞ்சது. ஆயிரத்து நானூறு வருஷம் ஆவுது. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம, பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் எடம் பண்ணிட்டேன்னு வடமொழியிலே வெட்டி வச்சிக்கினான். தன் பேரை விசித்திரசித்தன்னு போட்டுக்கினான். சாமான் செலவே இல்லாம கட்டடத்தை முடிச்ச மகராசன்! ஆனா உள்ள போயி பாரு. மூணு அறை, மூணும் காலி. வாசல்ல ரெண்டு பக்கமும் காவக்காரன் தடிய ஊணிக்கினு நிக்கறான். கட்டடம் பக்கா, செக்யூரிட்டி பக்கா, சரக்குதான் இல்ல. உன் சீட்டும் அதே கதைதான். மூணு லட்சத்துல ரெண்டு லட்சம் ஷட்டருக்கும் ஜிகினாவுக்கும் போவுது.

சரக்குன்னு என்னா எழுதியிருக்கற? அரிசி பத்து மூட்டை. ஏண்டா, 2011 ஜூன்லேருந்து ரேசன்ல அரிசி சும்மா குடுக்கறான். துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. உன் போட்டிக் கடை சர்க்காரு நடத்துது, தெரியுமா? அந்த வெலைக்கு உன்னால கொள்முதலே பண்ண முடியாது. பொன்னி அரிசி ஒண்ணு ரெண்டு மூட்டை வை, விருந்தாளி வந்தா வாங்குவாங்க. மத்தபடி ரேசன்ல இல்லாததைப் பாரு. புளி, மொளகா, கடுகு, உளுந்து, சோப்பு, பிஸ்கோத்து, கொசுவத்தி. அப்புறம் சரம் சரமா தொங்குற ஷாம்பு.

அந்த ஷாம்பு கதை கேளு. பாக்கெட்டுல ஷாம்பு அடைச்சி விக்கற வித்தை பக்கத்துல கடலூர்ல பொறந்தது. சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தரு யோசிச்சது. அவரு மவன் ரங்கநாதன் 1983ல பதினஞ்சாயிரம் ரூபா வச்சிக்கினு சிக் ஷாம்பு ஆரம்பிச்சாரு. இன்னிக்கி அதான் கெவின்கேர். அப்ப கடலூரும் நாமளும் ஒரே தென்னாற்காடு ஜில்லா. அவரு பதினஞ்சாயிரத்துல கம்பெனியே வச்சாரு, நீ லைட் போர்டுக்கே இருபதாயிரம் எழுதியிருக்கற. போர்டு பேரு என்னா? ‘சூப்பர் மார்க்கெட்’டா? பத்துக்குப் பன்னெண்டு ரூமுல? சரி, தமிழ்ல பெருசா எழுது. தமிழ் அஞ்சு பங்கு, இங்கிலீசு மூணு பங்குன்னு சட்டம் கீது.

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையிலே யுனெஸ்கோ பட்டம் குடுத்துட்டான், இனிமே நம்ம ரோட்டுல கூட்டம் பிச்சிக்கும்னு யாரோ உனக்குச் சொல்லியிருக்கான். கூட்டம் வரும்டா. விழுப்புரத்துலயே தண்ணி பாட்டில், சிப்ஸ் எல்லாம் வாங்கிக்கினு, ஏசியப் போட்டு கண்ணாடிய ஏத்திக்கினு செஞ்சிக்கே போயி எறங்குவான். நம்மூர்ல நிக்கறவன் வண்டி பஞ்சர் ஆனவன்தான். அவனை நம்பி ஃபிரிட்ஜு வாங்காத. ஜூஸ் கம்பெனிக்காரன் ஃபிரிட்ஜ ஓசியிலயே வச்சிட்டுப் போவான், அவன் பாட்டில மட்டும் அடுக்கணும்னு சொல்லுவான். அடுக்கிட்டுப் போ. கரண்டுதான் உன்னுது. வூட்டு மீட்டருக்கு நூறு யூனிட் இலவசம், கடை மீட்டருக்கு அந்தப் பேச்சே கெடையாது. சித்திரை வெயில்ல அந்த ஃபிரிட்ஜு குடிக்கற கரண்டுக்குப் பாதி லாபம் போயிடும்.

லைசென்ஸுன்னா நடுங்காத, அதான் இருக்கறதுலயே மலிவு. உணவுப் பாதுகாப்புப் பதிவு, பொட்டிக்கடை கணக்குக்கு வருசத்துக்கு நூறு ரூபா. தராசுக்கு வருசா வருசம் முத்திரை. பொருள் விக்கறவனுக்கு வருச விற்பனை நாப்பது லட்சம் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி. 2025 ஜூலையிலே பெங்களூர்ல யூபிஐ கணக்கைப் பாத்து சின்னக் கடைக்காரங்களுக்கு நோட்டீசு போச்சி, அவங்க ஸ்கேன் அட்டையப் பிச்சிட்டு ரொக்கம் மட்டும்னு எழுதி மாட்டினாங்க. உனக்கு அந்தக் கவலை வாணாம். நம்மூர்ல நாப்பது லட்சத்துக்குச் சோப்பு வித்தா ஏரியே நொரைச்சிப் போயிடும். பிளாஸ்டிக் கவர் மட்டும் வாங்கிடாத, 2019 ஜனவரி ஒண்ணாந்தேதியோட அதுக்குத் தடை. குட்காவும் அப்படித்தான், ஒளிச்சி வச்சி விக்கற வேலையே வாணாம்.

லைன் வண்டிக்காரன் வருவான். பன்னெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ, அண்ணே அண்ணேன்னு தேனா ஊத்துவான். அந்த ஒண்ணுக்கு ஆசைப்பட்டா பன்னெண்டும் ரேக்குல குந்தி உன் மூஞ்சிய பாத்துக்கினு இருக்கும். 2025 செப்டம்பர் 22ந் தேதி சோப்பு, ஷாம்பு, பிஸ்கோத்து வரியெல்லாம் பதினெட்டுலேருந்து அஞ்சாக் கொறைச்சான். அன்னிக்கி காலையிலே நம்ம சனம் கடைக்காரனை என்னா கேட்டிருக்கும்? ‘டிவியிலே சொன்னான், வெலைய கொறை.’ அவன் பழைய வெலைக்கு வாங்கி அடுக்குனதை யாரு பாத்தா? அதனால வாரத்துக்கு ஓடுற சரக்கை மட்டும் எடு. தரையிலே மூட்டைய வைக்காத. ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல அம்பது சென்டிமீட்டர் கொட்டிச்சே, மறந்துட்டியா? கீழ வச்சவன் சக்கரையெல்லாம் பாகாப் போச்சி.

இப்ப அந்த இதர செலவுக்கு வர்றன்.

கடை தொறந்த மொத வாரம் எல்லாரும் ரொக்கம். ரெண்டாவது வாரம் உன் மாமன் வருவான். ‘மாப்ள, எழுதி வச்சிக்க.’ எழுதுவ. அப்புறம் பங்காளி, அப்புறம் அத்தை, அப்புறம் அத்தை அனுப்பின சின்னப் புள்ள. சின்னப் புள்ளகிட்ட என்னாடா காசு கேப்ப? இவங்க யாரும் ஏமாத்தறவங்க இல்ல, அதான் கஷ்டமே. கரும்பு வெட்டினவன் ஆலைக்காரன் பணம் போட்டாத்தான் தருவான். நூறு நாள் வேலைக்குப் போன பொம்பளைங்களுக்கு 2025 ஆரம்பத்துல மாசக்கணக்குல கூலி வரல. டில்லிக்கும் சென்னைக்கும் கடுதாசி போயி வந்துக்கினு இருந்திச்சி. அதுவரைக்கும் அந்தச் சனத்துக்கு உப்பு புளி குடுத்தது யாரு? ஊர்க் கடைக்காரன். மத்திய சர்க்காருக்கே வட்டியில்லாம கடன் குடுக்கற அளவுக்கு நீ பெரிய ஆளாவப்போற, ஆனா சீட்டுல வெறும் அஞ்சாயிரம் ஒதுக்கியிருக்கற!

அதனால ஷட்டரைச் சீட்டுலேருந்து அடி, நம்ம வூட்டுத் திண்ணையிலே தொறை. அட்வான்சும் வாடகையும் மிச்சம். பேங்குல முத்ராக் கடன் அடமானம் இல்லாம கேக்கலாம், அதைக் கேளு. தண்டல்காரன் பக்கம் போவாத, வட்டியப் பிடிச்சிக்கினுதான் மீதிய கையிலே வைப்பான். மிச்சம் ஆன காசுல முக்கால்வாசிய கடன் நோட்டுக்குன்னு தனியா வை. அது தீந்துதுன்னா ‘மாமா, நோட்டு ரொம்பிடுச்சி’ன்னு சிரிச்சிக்கினே சொல்லு. வசூலுக்கு நாளும் சொல்றன். மாசம் பதினஞ்சாந்தேதி. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபா ஏறுற நாளு. அன்னிக்கி காலையிலே நோட்டைக் கண்ணுல படற மாதிரி மேசை மேல வச்சிடு, வாயால ஒண்ணும் கேக்காத.

இன்னொண்ணு. காலையிலே அஞ்சரைக்குப் பால் எறக்கணும், ராத்திரி பத்து மணிக்கு ஊதுபத்தி கேட்டு ஒருத்தன் கதவைத் தட்டுவான். யாரு குந்தறது? நீ விழுப்புரத்துக்குச் சரக்கெடுக்கப் போயிடுவ. உன் பொண்டாட்டிதான? சீட்டுல அவ சம்பளம் எங்க? தேடித் தேடிப் பாக்கறன், காணோம். கடையிலே வேலை பாக்கறவங்க குந்த நாற்காலி போடணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டமே வந்துடுச்சி, நீ அந்த நாற்காலியக் கூட எழுதல. அவளைக் கேட்டியா? கேக்கலயா? சரிதான். எழுந்து வூட்டுக்குப் போ, மொதல்ல அவகிட்ட இந்தச் சீட்டைக் குடு. அவ எதை எதை அடிக்கறான்னு பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்லு, எனக்கும் பொழுது போவும்.