குருவிக்குக் கான்கிரீட், எனக்குத் துணி

வானப்பிரஸ்தத்துக்கு வயது வரும்வரை பொறுக்க முடியாத குடும்பஸ்தனுக்காக வெள்ளைக்காரன் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான் கேம்பிங். சனிக்கிழமை காலையில் துறவு, ஞாயிறு சாயங்காலம் மறுபடியும் இல்லறம். இடைப்பட்ட ராத்திரியில் வீட்டிலிருந்து போன் வந்தால், டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தஞ்சாவூரிலிருந்து மலேசியாவின் கிள்ளானுக்கு வேலைக்கு வந்த எனக்கும், என்னைப் போலவே வந்து சேர்ந்த நண்பர்களுக்கும் இந்த ஒரு சலுகையே போதுமானதாக இருந்தது.

இடம் செகிஞ்சான். கடற்கரையை ஒட்டி வடக்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஒரு பக்கம் மீனவக் குடியிருப்பு, மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். வயல் வேலை வேண்டாமென்று ஊரைவிட்டு ஓடிவந்தவன், சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வயல் பார்க்கப் போகிற செய்தியை அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"தண்ணி எங்கேர்ந்து வருது?" என்றார்.

பெர்ணம் ஆற்றிலிருந்து கால்வாயில் வருகிறது. வருஷத்துக்கு இரண்டு போகம். ஹெக்டேருக்கு 10 டன் எடுக்கிறவர்கள்கூட உண்டு என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மேல யாரும் அணையை மூடலியா?"

"இல்லப்பா."

"அப்ப நீ அங்கேயே இருந்துக்க" என்று வைத்துவிட்டார்.

துறவுக்கு மூட்டை கட்டும் பொறுப்பை அவரவர் மனைவியிடமே ஒப்படைத்தோம். விளைவு, புளியோதரை, மோர் மிளகாய், கோடாலித் தைலம், இரண்டு தலையணை, 'தரை சில்லிடும்' என்று ஒரு கம்பளி. மின்சாரமே இல்லாத இடத்துக்கு ஒருவர் ரைஸ் குக்கர் கொண்டுவந்தார். அதில் வேகவைக்க 5 கிலோ பொன்னி அரிசி. திருநெல்வேலிக்கே அல்வா என்பார்கள். செகிஞ்சானுக்கே அரிசி சுமந்த பெருமை எங்களைச் சேரும்.

செகிஞ்சான் பக்கம் ஜன்னலே இல்லாத மாடிக் கட்டடங்கள் ஆங்காங்கே தெரிந்தன. யாருடைய பங்களா என்று கேட்டேன். "குருவி வீடு" என்றார் புக்கிட் ரோத்தானில் பிறந்து வளர்ந்த உள்ளூர் நண்பர். எச்சிலால் கூடு கட்டும் குருவிகளுக்காகக் கட்டியவையாம். அந்தக் கூடு சீனர்களின் சூப்புக்குப் போகிறது, நல்ல விலை. குருவிகள் வழி தெரிந்து வந்து சேர ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போடுகிறார்கள். உள்ளே ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வாடகை கிடையாது, வங்கித் தவணை கிடையாது. இரண்டே நிமிடத்தில் விரியும் என்று அட்டையில் போட்டிருந்த கூடாரத்தை, பட்டதாரிகள் நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து மதியம் முழுக்க விரித்துக்கொண்டிருந்தோம். எச்சிலை மட்டும் வைத்துக்கொண்டு வீடு கட்டும் ஜாதி தலைக்கு மேல் பறந்து போயிற்று.

பந்தாய் ரெடாங் கடற்கரையில் வேண்டுதல் மரம் ஒன்று இருக்கிறது. காசு கட்டிய சிவப்புத் துணியை வீசி எறிந்து, அது கிளையில் தங்கிவிட்டால் நினைத்தது பலிக்குமாம். ஒரே புழுக்கமாக இருந்ததால், கொஞ்சம் காற்று வேண்டும் என்று நினைத்து எறிந்தேன். தங்கிவிட்டது. பலித்த கதை பின்னால் வருகிறது.

நாள் பார்த்துக் கொடுத்தவர் எங்கள் கூட்டத்துப் பஞ்சாங்க நண்பர். செப்டம்பர் மாதப் பௌர்ணமி. கடற்கரையில் நிலா, அதன்பின் கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி என்று ஒரே இரவில் இரட்டை லாபம் காட்டினார். பௌர்ணமியில் கடல் அதிகம் வற்றும், அதே அளவு ஏறவும் செய்யும் என்பது அவருடைய பஞ்சாங்கத்தில் இல்லை. நாங்கள் போய் இறங்கிய நடுப்பகலில் கடல் எங்கோ தூரத்தில் இருந்தது. சாயங்காலம் காப்பி போடும்போது அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. கூடாரத்தை ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். ரைஸ் குக்கர் மட்டும் முதன்முறையாக நிறையத் தண்ணீர் கண்டது.

இரவு சிலாங்கூர் ஆற்றில் துடுப்புப் படகு. கரையோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும் என்று படித்திருந்தேன். மின்னத்தான் செய்தன. மேலே நிலா ஊருக்கே டார்ச் அடித்துக்கொண்டிருந்ததால், எது மின்மினி, எது என் கண்ணாடியில் ஒட்டிய தண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. அமாவாசையை ஒட்டி வாருங்கள் என்றார் படகுக்காரர். பஞ்சாங்க நண்பர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து படுத்தால் அகாஸ். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. வலையின் துளைகளை வாசற்படியாக எண்ணி உள்ளே வரும். கோடாலித் தைலத்தைத் தலையிலிருந்து கால்வரை பூசிக்கொண்டோம். அகாஸ் போகவில்லை, தூக்கம் போயிற்று.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் என் வேண்டுதல் பலித்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் திரளும் இடிமழைக் கூட்டம், பெரும்பாலும் விடியலை ஒட்டி இந்தக் கரையில் வந்து மோதும். வானிலைக்காரர்கள் அதற்கு 'சுமத்ரா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டது கொஞ்சம் காற்று. வந்தது ஒரு தீவின் காற்று. கூடாரம் துறவு பூண்டு வயல் பக்கம் கிளம்பிப் போயிற்று. மிச்ச ராத்திரியைக் காருக்குள் ஒருவர் மடியில் ஒருவர் கால் வைத்துக் கழித்தோம்.

காலையில், சொட்டச் சொட்ட, புக்கிட் ரோத்தானில் உள்ளூர் நண்பரின் அம்மா வீட்டில் போய் நின்றோம்.

"என்னா தம்பி, வீட்டுல சண்டையா?" என்றார். அவருக்குத் தெரிந்து குடும்பஸ்தன் வெளியே படுக்க வேறு காரணம் கிடையாது.

விளக்கினேன். அந்த அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே ரப்பர் மரம் சீவியவர். ஊரெல்லாம் தோட்டமாக இருந்த காலத்தைச் சொன்னார். இருட்டில் எழுந்து ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பது, கொசு, அட்டை, ஒழுகும் கூரை, வெளியே மூட்டிய விறகடுப்பு.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் எங்களுக்குச் சும்மாவே குடுத்தான் தம்பி. நீங்க காசு குடுத்து வாங்குறீங்க" என்று சொல்லிவிட்டு, தோசை ஊற்றப் போனார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம், தோசையை எண்ணவில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள்: "எப்படிங்க இருந்துச்சு?"

"சொர்க்கம்."

"அப்ப அடுத்த மாசம் எங்களையும் கூட்டிட்டுப் போங்க."

சொர்க்கம் என்று சொன்ன வாயால் வேறு என்ன சொல்வது? செகிஞ்சானில் வயலோரம் சரக்குப் பெட்டகங்களை அறைகளாக்கி வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். வயல் தெரிகிற அறையா, சூரிய உதயம் தெரிகிற அறையா என்று கேட்டார்கள். எதுவுமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாலு பக்கமும் இரும்புதானே என்று உறுதி செய்துகொண்டு முன்பணம் கட்டிவிட்டேன்.