தரைதட்டி நாயனார்

நிறுத்தி வைத்த காரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே விரலை நுழைத்து ஒருவர் அளந்துகொண்டிருந்தால் அவரேதான். மூன்று விரல் நுழைந்தால் முகம் வாடிவிடும். ஒரு விரல் மட்டும் நுழைந்தால் பிறவிப் பயன்.

கார், போலோ ஜி.டி. ஃபோக்ஸ்வேகன் 2022-இல் இந்தியாவில் போலோ தயாரிப்பதை நிறுத்திய பிறகு, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ‘அது ஸ்போர்ட்ஸ் காரா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குன்றத்தூரில் ஆரம்பித்த பதில் பல்லாவரத்தில்தான் முடியும். கம்பெனி கொடுத்த கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏறக்குறைய 165 மில்லிமீட்டர். ஊரெல்லாம் உயரமான வண்டியாகத் தேடி வாங்கும் காலத்தில், இவர் ஜெர்மன் ஸ்பிரிங் வரவழைத்து 35 மில்லிமீட்டர் இறக்கினார். “எல்லாரும் காசு கொடுத்து ஏறுவான், நீ காசு கொடுத்து இறங்குறியேடா” என்றார் அப்பா.

இறக்குவதும் லேசான வேலையில்லை. முன் சக்கரத்து ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் பிடித்து நெருக்கிய பிறகுதான் மேல் நட்டில் கை வைக்கலாம். முந்திக்கொண்டால் ஸ்பிரிங் மெக்கானிக்கின் தாடையைத் தேடி வரும். மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட். புது ஸ்பிரிங் குட்டை, விறைப்பும் கூடுதல். ஷாக் அப்சார்பரைப் பழையதாகவே விட்டால் அது சீக்கிரம் எண்ணெய் கக்கும். பலன் இல்லாமல் இல்லை. வண்டியின் கனம் தரைக்கு நெருங்குகிறது, வளைவில் சாய்மானம் குறைகிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அது பெரிய சங்கதி. சாயங்காலம் போரூர் போகிற சாலையில் வண்டி நகர்வதே இல்லை, எங்கே சாய?

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்தபடி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைப்பவை அதைப் படித்ததில்லை. அதனால் நம்மவர் ஸ்டியரிங்கை ஒடித்து, காரைக் குறுக்கே நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். ஆள் ஏறினால் வண்டி இன்னும் தாழும். மலைக்கோயிலுக்குக் குடும்பத்தோடு புறப்பட்ட அன்று:

“அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டுற வரைக்கும் இறங்கி நடந்து வாங்க.”

“ஏண்டா கண்ணு, முருகனுக்காகப் படியேற வந்தேன். உன் காருக்காகவுமா நடக்கணும்?”

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தால், ஊர் பால் பாக்கெட் வாங்க ஓடும்; இவர் மேடு தேடி ஓடுவார். போலீஸ் மறித்தால் கைவசம் ஒரு பதில் உண்டு: “பின்னாடி லோடு சார்.” அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்தார்கள், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. அது அவருக்கும் தெரியும். ஆர்.சி. புக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் டயர் பிரஷரைப் பற்றிப் பேசுவார்.

சேக்கிழார் பிறந்த ஊர் இந்தக் குன்றத்தூர். பிடித்த ஒன்றுக்காக எதையும் தாங்கிய அடியார்களைத் தேடித் தேடிப் பாடியவர். இவர் எட்டு நூற்றாண்டு பிந்திப் பிறந்துவிட்டார்.

அந்தப் பக்கம் போகும்போது முன்னால் ஒரு போலோ குறுக்கே திரும்பி நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். ஓரமாக நடந்து வருவது அவருடைய அத்தையாக இருக்கலாம்; முடிந்தால் அவரை உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.