சங்கத் தலைவர் பெற்ற பிள்ளை

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்ற யோசனையை 1988-இல் மேடையேற்றிப் பிரபலமாக்கியவர் ஆல்பர்ட் ஷாங்கர். முதலாளி அல்ல, ஆசிரியர் சங்கத் தலைவர்! பணம் அரசுடையது, அரசு விதிகளின் தொல்லை கிடையாது, ஆசிரியர்களே புதிதாக ஏதாவது செய்து பார்க்கட்டும் என்றார், பாவம். 1991-இல் மினசோட்டா சட்டம் போட்டது. அடுத்த வருடமே செயின்ட் பாலில் முதல் பள்ளி. பிறகு பார்த்தால், பெரும்பாலான பள்ளிகளில் சங்கத்தையே காணோம். லாபக் கம்பெனிகள் வேறு உள்ளே வந்தாயிற்று. ஷாங்கர் பிள்ளையைத் தலைமுழுகினார்.

பிள்ளை படிக்கிறானா என்ற சண்டை அதற்கப்புறம்தான் சூடு பிடித்தது. 2004-இல் ஷாங்கரின் அதே சங்கம் தேசியத் தேர்வு மார்க்குகளைக் கிளறி, ‘சார்ட்டர் மாணவர்கள் பின்தங்கிவிட்டார்கள்’ என்றது. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. சில நாளில் அதே பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம்: ஒப்பிடுகிற லட்சணமா இது என்று பேராசிரியர்கள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹார்வர்டின் கரோலின் ஹாக்ஸ்பியோ, பக்கத்து அரசுப் பள்ளியோடு வைத்துப் பார்த்தால் சார்ட்டர்தான் மேல் என்றார்.

2009-இல் ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் பஞ்சாயத்துக்கு வந்தது. கணக்குப் பாடத்தில் 17 சதவீத சார்ட்டர்கள் மேல். 37 சதவீதம் மோசம். மீதி 46-இல் வித்தியாசமே இல்லை. எதிர்ப்பாளர்கள் 37-ஐக் கட்டிக்கொண்டார்கள், ஆதரவாளர்கள் 17-ஐ. அந்த 46-ஐச் சீந்துவார் இல்லை. அதற்குள் ஸ்டான்ஃபோர்டுக்கே குடிவந்துவிட்ட ஹாக்ஸ்பி, கிரெடோவின் புள்ளியியலே தப்பு என்று குறிப்பெழுதினார். கிரெடோ மறுத்து எழுதியது. ஒரே வளாகம், எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் தபால் வேலையாவது மிச்சமாகியிருக்கும்.

உருப்படியான சோதனையைக் கொடுத்தது குலுக்கல்தான். சார்ட்டரில் இடம் குறைவு, மனு அதிகம் என்றால் சீட்டுக் குலுக்கித்தான் சேர்க்க வேண்டும். சீட்டு விழுந்தவனையும் விழாதவனையும் ஒப்பிட்டால் பெற்றோரின் அக்கறை, வசதி என்ற சாக்குகள் எடுபடாது. பாஸ்டனில் சீட்டு விழுந்தவர்கள் எங்கோ முன்னேறிப் போய்விட்டார்கள். நாடு முழுக்க நடுநிலைப் பள்ளிகளை இப்படிச் சோதித்த 2010 ஆய்விலோ சராசரியில் ஒன்றுமில்லை. ஏழைப் பிள்ளைகள் கணக்கில் முன்னேற, வசதியானவர்கள் சறுக்கியிருந்தார்கள்.

2015-இல் கிரெடோ ஆன்லைன் சார்ட்டர்களை எடைபோட்டது. கணக்கில் 180 நாள் படிப்பு குறைவாம். பள்ளி வருடமே 180 நாள்தான்! கம்ப்யூட்டரைத் திறக்காமலே இருந்திருந்தால் கரன்ட் பில்லாவது குறைந்திருக்கும்.

2023-இல் கிரெடோவின் புதுக் கணக்கு: மொத்தத்தில் சார்ட்டர்கள் முன்னே. வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள். அந்த 6 நாள் என்றால் ஒரு பள்ளி வாரமும் அடுத்த திங்கட்கிழமையும்.