காசு கொடுத்துக் கம்பி எண்ண

ஸ்டாக்ஹோமில் ‘தனித்தன்மையுள்ள’ ஓட்டல் தேடுகிறவர்களுக்கு ஒரு சூத்திரம்: வசதி குறையக் குறையத் தனித்தன்மை கூடும். வாடகையும்தான்.

பழைய நகரமான காம்லா ஸ்தானில் ‘பாரம்பரியக் கட்டடம்’ என்று விளம்பரம் சொன்னால், லிஃப்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ‘அடக்கமான அறை’ என்றால் பெட்டியைத் திறக்க நீங்கள் கட்டில்மேல் ஏற வேண்டியிருக்கும். அந்தப் பக்கத்துச் சந்துகளும் அப்படித்தான்; மோர்டென் ட்ரோட்ஸிக் சந்தின் குறுகிய இடம் வெறும் 90 சென்டிமீட்டர்.

இதெல்லாம் போதாது என்பவர்களுக்கு லோங்ஹோல்மென் தீவு இருக்கிறது. 1975இல் மூடப்பட்ட சிறைச்சாலை, 1989 முதல் ஓட்டல். ஸ்வீடனின் கடைசி மரண தண்டனை 1910இல் இங்கேதான் நிறைவேறியது. அந்த நாட்டில் கில்லட்டின் வேலை பார்த்தது அந்த ஒரே தடவைதான். அரசாங்கம் ஆளைத் தேடிப் பிடித்து இலவசமாக அடைத்த அறைக்கு இப்போது முன்பதிவு செய்து, முன்பணமும் கட்டுகிறார்கள். தங்குவதை நீட்டிக்காவிட்டால், நன்னடத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுநாள் விடுதலை.

ஷெப்ஸ்ஹோல்மென் தீவின் கரையில் ‘அஃப் சாப்மன்’ என்ற பாய்மரக் கப்பல் நிற்கிறது. 1888இல் கட்டியது, 1949இல் தங்கும் விடுதியானது. கடல் பல கண்ட கப்பல். நீங்கள் ஏறினால் ஓரங்குலம் நகராது. குமட்டாத கடல்பயணம், பரவாயில்லை.

ஜூன் மாதம் போகிறவர்கள் வரலாற்றை விட்டுவிட்டுத் திரைச்சீலையை விசாரியுங்கள். அங்கே அப்போது நள்ளிரவிலும் வானம் முழுசாக இருட்டாது. சிறை அறைக்குச் சின்ன ஜன்னல்தான். அந்த ஒரு விஷயத்தில் கைதி கொடுத்துவைத்தவன்.