தும்புத்தடி முதல் இறைப்பு மெசின் வரை: வன்னி வளவுகளில் துப்புரவுக் கருவிகளின் உடைமை குறித்த ஓர் ஆய்வு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில், ஒரு குடும்பம் தன் வீட்டையும் வளவையும் துப்புரவாக வைத்திருக்க வேண்டிய கருவிகளை விலைக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்னும் வினா, அறிஞர்களால் இன்னும் முறையாக ஆராயப்படவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், ஈடு, ஒற்றி, நன்கொடை, விற்பனை என்று உடைமை கைமாறும் வழிகளைப் பேசுகிறதே தவிர, தும்புத்தடியைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. தும்புத்தடி என்பது தென்னந்தும்பை ஒரு கட்டையில் பொருத்தி, அக்கட்டைக்கு நீண்ட பிடி வைத்த கருவியாகும். இது சீமெந்து நிலத்துக்குரியது. முற்றத்துக்குரியது ஈர்க்கால் கட்டிய விளக்குமாறு.

சிறு கருவிகளை விரைவில் கடந்துவிடலாம். விளக்குமாறு மூதேவியின் கைப்பொருளாகவும், அதைக் கண்டபடி வெளியே விட்டால் சீதேவியும் உடன் போய்விடுவாள் என்ற அச்சத்துக்குரியதாகவும் இருப்பதால், விளக்கு வைத்த பின் அதை எவரும் இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அதை வாடகைக்கு விடும் கடையோ வன்னியில் இல்லை. எனினும் அதை வாங்க வேண்டிய கட்டாயமும் பலருக்கு இல்லை. விழுந்த தென்னோலையில் ஈர்க்கைக் கிழித்து வீட்டிலேயே கட்டிக்கொள்வதால், ஆய்வின் தொடக்கத்திலேயே வாங்குதல், வாடகை என்ற இரு பெட்டிகளுக்குள்ளும் அடங்காத பொருள் ஒன்று கிடைத்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இத்தகைய பொருள்களை விரும்புவதில்லை.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்னும் வினாவுக்குக் கோட்பாட்டளவில் தீர்வு உண்டு. பனிச்சறுக்குக் கட்டையை நாள் வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா என்பதை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1980களின் பிற்பகுதியில் கணினியியலாளர் ஆராய்ந்த இக்கணக்கின்படி, எத்தனை முறை தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரியாதவர், கொடுத்த வாடகை கொள்விலையை நெருங்கும்வரை வாடகைக்கே எடுத்து, அதன் பின் வாங்கிவிட வேண்டும். வாடகை 1 பங்கு, விலை 10 பங்கு என்று கொண்டால், ஒன்பது முறை வாடகை கொடுத்துப் பத்தாம் முறை வாங்குபவருக்கு மொத்தச் செலவு 19 பங்கு. வருங்காலம் முழுவதையும் அறிந்த ஒருவர் 10 பங்கு செலவழித்திருப்பார். அதாவது, எவ்வளவு மோசமாகப் போனாலும் நட்டம் இருமடங்கைத் தாண்டாது. வன்னியில் பனி பெய்வதில்லை என்பது இக்கோட்பாட்டுக்குத் தடையன்று. தடை வேறிடத்தில் இருக்கிறது: வேலிக்கு அப்பால் உள்ள வீட்டிலிருந்து பணம் எதுவுமின்றி வாங்கிவரப்படும் இரவல் என்னும் மூன்றாம் வழியை அக்கணினியியலாளர் கணக்கில் எடுக்கவில்லை. வாடகை சுழியமாகும்போது அது கொள்விலையை ஒருபோதும் எட்டாது; ஆகவே கோட்பாட்டின்படி நடந்தால் எவரும் எதையும் வாங்கவே மாட்டார்கள், அப்போது இரவல் கொடுக்கவும் எவரும் இருக்க மாட்டார்கள்.

இம்மூன்று வழிகளும் ஒருங்கே வெளிப்படும் இடம் கிணறு. கோடையில் நீர்மட்டம் தாழும்போது கிணற்றை முற்றாக இறைத்து, ஒருவர் உள்ளே இறங்கி, அடிச்சேற்றைக் கடகத்தில் அள்ளி மேலே அனுப்பி, சுவரைத் தேய்த்துக் கழுவி, இறுதியில் குளோரின் இடுவதே கிணறு இறைத்தல் எனப்படும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிகழ்ந்ததைப் போன்ற வெள்ளத்துக்குப் பிறகு இது பருவம் பாராமலும் செய்யப்படும். இதற்கு வேண்டிய இயந்திரம், பேச்சு வழக்கில் மெசின், தோட்டம் செய்பவரிடம் எப்போதும் இருக்கும், மற்றவருக்கோ ஆண்டுக்கு ஒரு நாள்தான் தேவைப்படும். காற்றழுத்தத்தின் உதவியால் நீரை உறிஞ்சும் எந்த இயந்திரமும் நடைமுறையில் ஏழெட்டு மீற்றருக்கு மேல் உறிஞ்சாது என்பதால், ஆழக் கிணறுகளில் மெசினையே கயிற்றில் கட்டி உள்ளே இறக்கும் பழக்கமும் உண்டு. அதன் புகை கிணற்றுக்குள் தேங்கி உள்ளே நிற்பவரைக் கொல்லக்கூடியது என்பதை மட்டும் இக்கட்டுரை விளையாட்டின்றிக் குறித்துவைக்கிறது. ஊற்று வலுவான கிணற்றில் ஒரு மெசின் போதாது, இரண்டு வேண்டும். ஆகவே நல்ல தண்ணீர் உள்ளவர் இரண்டு வீடுகளுடன் பகையின்றி இருந்தாக வேண்டும்.

உலக வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1901இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் உருவாக்கிய தூசி உறிஞ்சி, வீட்டுக்குள் நுழைய முடியாத அளவு பெரியதாய், குதிரை இழுத்துவரும் வண்டியில் ஏறி வந்து தெருவிலேயே நின்றது. நீண்ட குழாய்கள் யன்னல் வழியே உள்ளே போயின. மக்கள் அதை வாங்கவில்லை, வரவழைத்துக் கூலி கொடுத்தார்கள். 1902இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டுக்காக வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தின் கம்பளங்களும் அவ்வாறே துப்புரவாக்கப்பட்டன. கைக்கடக்கமான தூசி உறிஞ்சியை ஒவ்வொரு வீடும் வாங்கிவைத்தது பிற்காலத்து வழக்கம். கிணற்றடியில் மெசினை நிறுத்திக் குழாயை உள்ளே விடும் வன்னி மக்கள் பூத்தின் மரபிலேயே இன்னும் நிற்கிறார்கள். கனடாவிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் தூசி உறிஞ்சியைப் பொறுத்தவரை, அது 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது, இலங்கையின் மின்சாரமோ 230 வோல்ற்று, வீட்டிலோ கம்பளம் இல்லை. ஆகவே அது பெட்டியோடு அலுமாரியின் மேல் வைக்கப்பட்டு, தானே துடைக்கப்பட வேண்டிய பொருளாகிறது.

இரவலுக்கு விலை இல்லை என்பது மேலோட்டமான கருத்து. மெசினைத் திருப்பிக் கொடுக்கும்போது மண்ணெண்ணெய் நிரப்பிக் கொடுப்பது எழுதப்படாத விதி. 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெயின் விலை ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோது, இலவசமாக இருந்த இரவல் ஏறக்குறைய நான்கு மடங்கு விலை கூடிய இலவசமாக மாறியது. இதற்கு மேலாக முருங்கைக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், கொடுத்தவர் வீட்டுக் கிணறு இறைக்கும் நாளில் ஓர் ஆள் உதவி ஆகியனவும் உண்டு. பேரேட்டில் எங்கும் எழுதப்படாத இக்கடன்களை இரு வீட்டுப் பெண்களும் ஒரு சதமும் பிசகாமல் நினைவில் வைத்திருப்பார்கள்.

இத்தனைக்கும் மேலாக, சொந்தமாக ஒன்றை வாங்குவது அறிவுடைமை என்ற கொள்கையையே வன்னியின் அண்மைக்கால வரலாறு பலமாக அசைத்திருக்கிறது. 2008இலும் 2009இலும் போரினால் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்தவர்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிச் சென்ற மெசின்களில் மிகப் பல வழியிலேயே விடப்பட்டன. வாங்கிய பொருள் நெடுங்காலம் உழைக்கும் என்பதே வாங்குதலுக்குச் சார்பான வாதத்தின் அடித்தளம். பொருளாதார நூல்கள் தேய்மானத்தைக் கணக்கிடுகின்றன, இடப்பெயர்வைக் கணக்கிடுவதில்லை. மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் புதிய சீமெந்து வீடுகளில் முதலில் வாங்கியது தும்புத்தடியாகவும் மெசினை நெடுநாள் தள்ளிப்போட்டதாகவும் இருந்தால், அதை வறுமை என்று மட்டும் விளக்குவது போதாது.

எஞ்சியிருப்பது, திரும்பி வராத இரவல் பொருள் யாருக்கு உரியது என்னும் சட்டச் சிக்கலாகும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம், எதிரிடையான ஆட்சியைப் பத்து ஆண்டு இடையறாது நடத்தியவருக்கு உரிமை வழங்குகிறது. ஆனால் அவ்விதி காணி முதலிய அசையாச் சொத்துக்கே உரியது, தும்புத்தடியோ வேலிப் பொட்டு வழியாக வீட்டுக்கு வீடு அசையும் சொத்து. மேலும், கேட்டு வாங்கிய பொருளை வைத்திருப்பது உரிமையாளரின் இசைவுடனானது என்பதால் அது எதிரிடையான ஆட்சியாகாது. இச்சிக்கலை நீதிமன்றம் வரை எவரும் கொண்டுசெல்லாததற்குக் காரணம், எந்தத் தும்புத்தடியும் பத்து ஆண்டு தும்போடு இருப்பதில்லை என்பதே.